முத்துலிங்கத்துக்குப் பிடிபடாத நாய்

இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே போகும் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் யாரை நிறுத்தி "நாய்க்கார முத்துலிங்கம் வீடு எது?" என்று கேட்டாலும், மேல் டிவிசனில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் மூன்றாவதைக் கை காட்டுவார்கள். தோட்டத்து மேலாளரான துரையின் பங்களாவில் அவருக்குக் கொடுத்திருப்பது தோட்டக்காரர் வேலைதான். ரோசாச் செடிக்கு உரம் போடுவது, புல் வெட்டுவது, வேலி கட்டுவது. ஆனால் முப்பத்தைந்து வருடமாக அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது நாய்.

அந்தப் பெயர் வந்த கதையைத் தோட்டமே சொல்லும். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது, தேயிலைச் செடியின் கிளை கழிக்கும் கவ்வாத்து ஆட்களில் ஒருவர். அன்றிருந்த துரையின் அல்சேஷன் நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு மலைக்குள் புகுந்து இரண்டு பேரைக் கடித்துவிட்டது. மற்றவர்கள் கத்தியைப் போட்டுவிட்டு ஓட, முத்துலிங்கம் மட்டும் வெட்டிப் போட்ட மிலாறுக் குச்சிகளுக்கு நடுவே உட்கார்ந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். நாய் வந்தது, முகர்ந்தது, பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. மறுநாளே அவரைப் பங்களாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். உண்மையில் பயத்தில் அவருக்குக் கால் வரவில்லை. அதைக் கல்யாணமான பிறகு மனைவி அம்மாக்கண்ணுவிடம் மட்டும், அதுவும் ஒரே ஒரு தடவை சொன்னார்.

அதற்குப் பிறகு ஆறு துரைமார் வந்து போனார்கள். அல்சேஷன், டோபர்மேன், லேப்ரடோர், பொக்ஸர், காது தரையில் இழுபடும் குட்டை நாய் என்று எல்லாம் அவர் கையில் சாப்பிட்டன. லயத்து நாய்களுக்கும் அவர்தான் வைத்தியர். சொறி பிடித்தால் கந்தகமும் தேங்காயெண்ணெயும், குட்டி பால் குடிக்காவிட்டால் அதற்கொரு கைவைத்தியம். வந்தவர் பாதி சொல்லும்போதே "தெரியும், தெரியும். கொண்டா பாப்போம்" என்பார். அந்தத் "தெரியும்" மெல்ல மெல்ல அவருடைய வாய்ச்சொல்லாகவே ஆகிவிட்டது.

போன வருடம் மாசியில் விக்ரமரத்ன என்று புதுத் துரை வந்தார். அவருடைய மனைவி திலினி கொழும்பில் வேலையை விட்டுவிட்டு ஆனி மாதம்தான் வந்து சேர்ந்தாள். வரும்போது ஒரு நாயையும் கொண்டுவந்தாள்.

காரின் பின் கதவு திறந்ததும் குதித்து இறங்கிய அதை முத்துலிங்கம் தலையிலிருந்து வால் வரை பார்த்தார். செம்பட்டை நிறம், குட்டை மயிர். நாலு பாதமும் நெஞ்சும் வெள்ளை. காது இரண்டும் நரிக்காது மாதிரி நிமிர்ந்து நின்றன. வால் முறுக்கி முதுகின் ஒரு பக்கமாகச் சுருண்டிருந்தது. எல்லாவற்றையும் விட அந்த நெற்றிதான். வீட்டில் ஏதோ பெரிய கவலை இருப்பவர் நெற்றி மாதிரி கோடு கோடாகச் சுருங்கிக் கிடந்தது. புது ஆளைப் பார்த்தால் எந்த நாயும் ஒன்று குரைக்கும், இல்லையென்றால் வாலை ஆட்டும். இது இரண்டும் செய்யாமல் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

"இது ஜூபா" என்றாள் திலினி.

ஒரு வாரம் நாய் துரைசாணி திலினியின் காலடியிலேயே, பங்களாவுக்குள்ளேயே கிடந்தது. பிறகு அவளுடைய தங்கையின் கல்யாணத்துக்காகத் துரையும் அவளும் மூன்று வாரத்துக்கு அவுஸ்திரேலியா கிளம்பினார்கள். கிளம்பும் காலையில் அவள் முத்துலிங்கத்தைக் கூப்பிட்டு நாயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பாதி சிங்களம், பாதி ஆங்கிலம், நடுநடுவே போன் பேச்சு வேறு. முத்துலிங்கத்துக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனால் அவள் பேசிய வேகத்தில் நாலில் ஒரு சொல்தான் காதில் நின்றது. திருப்பிக் கேட்டிருக்கலாம். 'முப்பத்தைந்து வருடம் நாய் வளர்த்தவன், நேற்று வந்த பிள்ளையிடம் போய் நாயைப் பற்றிக் கேட்பதா' என்று மனம் இடம் கொடுக்கவில்லை.

"தன்னவா நோனா, தன்னவா" என்றார். தெரியும் அம்மா என்பதைத்தான் சிங்களத்திலும் சொன்னார்.

அவளுக்கும் நிம்மதியாகப் போயிற்று. ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாளைச் சமையல்கட்டான குசினியின் சுவரில் ஒட்டிவிட்டுக் காரில் ஏறினாள்.

முதல் நாள் மத்தியானம் முத்துலிங்கம் நாய்க்குக் கோழிக்கால் ஒன்றை எலும்போடு போட்டார். புது நாயைச் சிநேகம் பிடிக்க அவர் எப்போதும் செய்வது அதுதான். ஜூபா அதைக் கௌவிக்கொண்டு மேசைக்கு அடியில் போய், நிதானமாக, ஒன்றும் மிச்சமில்லாமல் தின்றது.

அடுத்த நாள் காலை தபால்காரர் வந்தார். நாய் ஜன்னல் விளிம்பில் ஏறி உட்கார்ந்து பார்த்தது. சத்தமில்லை. எரிவாயு சிலிண்டர் கொண்டுவந்த இரண்டு பேர் வந்தார்கள். சத்தமில்லை. வேலிக்கு வெளியே லயத்து நாய்கள் நாலு சேர்ந்து நின்று தொண்டை கிழியக் குரைத்தன. இது நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, 'இவர்களுக்கு என்ன வந்தது' என்பதுபோல அவற்றையும் முத்துலிங்கத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

மூன்றாம் நாள் அவர் பழைய தகரமொன்றை எடுத்து நாயின் பின்னால் நின்று தட்டிப் பார்த்தார். நாய் திடுக்கிட்டு எழுந்தது, அவரை முறைத்தது, சோபாவின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

அப்போதுதான் அவருக்கு அது நினைவுக்கு வந்தது. கோழி எலும்பு! உடைந்த எலும்பின் சிம்பு தொண்டையில் குத்தியிருக்குமோ? குரலை அறுத்திருக்குமோ?

வாயைத் திறந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. தொண்டையைத் தடவிப் பார்த்தார். நாய் பொறுமையாக இருந்தது, ஆனால் தடவி முடிந்ததும் அவர் கை பட்ட இடத்தையெல்லாம் நக்கித் துடைத்துக்கொண்டது. அதுவும் எப்படி? முன்காலை நக்கி, அந்தக் காலால் முகத்தைத் துடைத்து, பூனை செய்வது மாதிரி அப்படியே.

சாயங்காலம் லயத்துக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அம்மாக்கண்ணு அன்று பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நாயி பூன மாதிரி மூஞ்சி கழுவுது புள்ள."

"கழுவட்டுமே. நீங்க கழுவுனீங்களா?"

"வெளையாடாத. கொரைக்கவே மாட்டேங்குது. மூணு நாளாச்சு."

"ஊமையா இருக்கும்."

"நாயில ஏது ஊம? நான் பாக்காத நாயா?"

"அப்ப நீங்கதான் சொல்லணும்" என்றாள் அம்மாக்கண்ணு.



மழையும் அந்த வாரம் பிடித்துக்கொண்டது. தென்மேற்குக் காற்றோடு வரும் லிந்துலை மழை பிடித்தால் விடாது. ஜூபா வாசல்படி வரை வரும். ஒரு பாதத்தை வெளியே நீட்டி ஈரத்தைத் தொட்டுப் பார்க்கும். தொட்ட பாதத்தை உதறிவிட்டு உள்ளே போய்விடும். காலையிலிருந்து மத்தியானம் வரை ஒன்றுக்குக்கூடப் போகாமல் அடக்கிக்கொண்டு கிடந்தது. முத்துலிங்கம் தூக்கிக்கொண்டு போய்ப் புல்லில் விட்டால், சுடுதணலில் விட்டதுபோல் நாலு காலையும் மாற்றி மாற்றித் தூக்கி, அவருக்கு முன்னால் வீட்டுக்குள் இருந்தது. உடம்பு வேறு வெடவெடவென்று நடுங்கியது. காய்ச்சல் என்று நினைத்து, கற்பூரவள்ளி இலையைச் சாறு பிழிந்து தேன் கலந்து கொடுத்தார். நாய் தேனை மட்டும் எப்படியோ நக்கிக்கொண்டு சாற்றைத் துப்பியது.

துரையின் காலுறை ஒன்றைக் காணவில்லை. மறுநாள் இன்னொன்று. இரண்டும் பீரோவின் உச்சியில், நாய் ஏறவே முடியாத உயரத்தில் கிடந்தன. நாய்க்குப் பக்கத்தில் நின்று அந்த உயரத்தை அவர் கண்ணால் அளந்து பார்த்தார். பேய் பிசாசு என்று அவர் நம்புகிற ஆளில்லை. ஆனாலும் அன்று வேலை முடிந்து போகும்போது பங்களாக் கதவை இரண்டு தடவை பூட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எட்டாம் நாள் துரைசாணியிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி ஒன்று வந்தது. பின்னால் கல்யாண வீட்டு இரைச்சல். முதலில் நாய் நலமா என்று கேட்டாள். அடுத்து, "ஜூபா சிந்து கியனவத?" என்றாள்.

பாட்டுப் பாடுகிறானா என்று அர்த்தம்.

முத்துலிங்கம் அதை ஐந்து தடவை போட்டுக் கேட்டார். போனைக் காதோடு ஒட்டிக் கேட்டார், தள்ளி வைத்தும் கேட்டார். எப்படிக் கேட்டாலும் பாட்டுத்தான். நாய் பாடுகிறதா என்று யாராவது கேட்பார்களா? கேலி பண்ணுகிறாளா? இல்லை, கல்யாண வீட்டில் யாரிடமோ கேட்டது இதில் விழுந்துவிட்டதா? கடைசியில், பெரிய மனிதர்கள் கேட்டதற்கு இல்லை என்று சொன்னால் நல்லாயிருக்காது என்று, "ஒவ் நோனா, நன்றாகப் பாடுகிறான்" என்று சிங்களத்தில் பதில் அனுப்பினார். அனுப்பிய பிறகு அந்தப் பொய்யை நினைத்தும் பயம் வந்தது.

அடுத்த நாள் விடாமல் பெய்த மழை விட்டு வெயில் அடித்தது. பங்களாக் கதவைத் திறந்ததும் ஜூபா அவர் காலுக்கிடையில் பாய்ந்து வெளியே ஓடியது. வேலியில் எந்த ஓட்டையும் இல்லை. அவரே கட்டிய வேலி. நாய் அதில் கால் வைத்து, ஏணி ஏறுவதுபோல் ஏறி, அந்தப் பக்கம் குதித்துத் தேயிலைக்குள் மறைந்துவிட்டது.

முத்துலிங்கம் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினார். மேலே ஏழாம் நம்பர் மலையில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பாதி வழி ஏறுவதற்குள் அந்தச் சத்தம் வந்தது.

அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாது. கைக்குழந்தை வீறிடுவதுபோல் ஆரம்பித்து, மேலே போய், உடைந்து, சேவல் கூவலில் பாதியாகி, பிறகு யாரோ கிழவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ராகம் இழுப்பதுபோல் நீண்டது. மலை முழுக்க எதிரொலித்தது. பெண்கள் கூடையோடு சரிவில் இறங்கி ஓடி வந்தார்கள். முன்னால் ஓடி வந்த நாகலெட்சுமி அவர் மேல் மோதாத குறை.

"அண்ணே, போகாதீங்க! யாரோ புள்ளைய போட்டுட்டு போயிருக்காங்க பாறையில! இல்லாட்டி சிறுத்த எதையோ புடிச்சிருச்சு!"

"எந்தப் பாற?"

"அந்தா, வெளுப்பா தெரியுதே!"

பாறையில் குழந்தையும் இல்லை, சிறுத்தையும் இல்லை. ஜூபா நின்றது. வெயிலுக்கு முகத்தைத் தூக்கி, கண்ணைப் பாதி மூடி, வாயை வட்டமாக வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தது.

உயிர் போகிறது என்று முடிவு பண்ணிவிட்டார் முத்துலிங்கம். எலும்பு உள்ளே இறங்கிக் குடலைக் கிழித்திருக்கிறது, கடைசி ஓலம் இது. ஓடிப்போய் நாயை வாரி நெஞ்சோடு அணைத்தார். நாய் சத்தத்தை நிறுத்திவிட்டு அவர் காதை நக்கியது. அதுவே அவருக்கு விடைபெறுவதுபோல் இருந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பொறு ராசா, பொறு" என்று சொல்லிக்கொண்டே வெறுங்காலோடு பாதைக்கு இறங்கி, ஆட்டோ ஒன்றை மறித்து மிருக ஆஸ்பத்திரி இருக்கும் தலவாக்கலைக்கு விடச் சொன்னார்.

ஊரார் மாட்டு டொக்டர் என்று சொல்லும் மிருக வைத்தியர் ஷஸ்னா வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கம்பளைப் பக்கத்துப் பெண். ஒரு கன்றுக்குட்டிக்கு ஊசி போட்டு முடித்துவிட்டுக் கையுறையை மாற்றிக்கொண்டு வந்து, ஜூபாவின் வாயைத் திறந்து வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். காய்ச்சல் பார்த்தாள்.

"ஒரு கொறையும் இல்லையே. நல்லா இருக்கிறானே" என்றாள்.

"இல்லீங்க டொக்டரம்மா. எட்டு நாளா ஒரு தடவகூட கொரைக்கல. இன்னைக்கு திடீர்னு மனுசன் மாதிரி கத்துது. நாந்தான் கோழி எலும்பு குடுத்துட்டேன்." சொல்ல வேண்டாம் என்று நினைத்ததும் சேர்ந்து வந்துவிட்டது.

"இனிக் குடுக்காதீங்க. எட்டு நாளாச்சுதானே, அது அப்பவே போயிருக்கும். இது என்ன ஜாதி நாய்?"

முத்துலிங்கத்தின் வாய் பழக்கத்தில் திறந்தது. "தெரியும்" என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குப் பின்னால் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றது.

"வெளிநாட்டு நாயிங்க" என்றார்.

ஷஸ்னா நாயைச் சுற்றி வந்து வாலைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள். பிறகு சர்வசாதாரணமாக, "எனக்கும் வெளங்கல்ல. நான் இப்படி ஒண்டு பார்த்ததே இல்ல" என்றாள்.

அவர் ஆச்சரியத்தோடு அவளைப் பார்த்தார். படித்த டொக்டர், மேசையில் பெயர்ப்பலகை வைத்திருக்கிறவள், வெட்கமில்லாமல் சொல்கிறாளே என்று இருந்தது. அவளோ நாயைப் படம் எடுத்துத் தனக்குப் படிப்பித்த ஆசிரியருக்கு அனுப்பிவிட்டு, அடுத்த ஆட்டைப் பார்க்கப் போய்விட்டாள். அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

"பசென்ஜி என்று பெயராம். ஆபிரிக்காவில காட்டுக்குள்ள வேட்டைக்குக் கூட்டிப் போற ஜாதி" என்று போனைப் பார்த்து வாசித்தாள். "குரைக்காதாம். அதால வேட்டையில எங்க நிற்குது என்று தெரிய கழுத்தில மணி கட்டுவாங்களாம். பூனை மாதிரி தன்னையே நக்கி சுத்தம் செய்யுமாம். மழை, குளிர் ஆகாதாம். மேல ஏறுமாம், களவெடுக்குமாம். சந்தோஷம் வந்தா ஒரு மாதிரி ராகம் இழுக்குமாம். பாட்டு மாதிரி."

"பாட்டா?"

"பாட்டுத்தான். ஏன், இதெல்லாம் வீட்டுக்காரங்க சொல்லல்லையா?"

முத்துலிங்கம் நாயின் சுருண்ட வாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதி வச்சிட்டுப் போயிருக்காங்க" என்றார் மெதுவாக.

அன்று மத்தியானம் தோட்டத்துச் சிறுவர் பாடசாலையில் படிப்பிக்கும் மகள் வினோதாவைக் கூட்டிக்கொண்டு பங்களாக் குசினிக்குப் போனார். அம்மாக்கண்ணுவும் கூடவே வந்தாள். வினோதா சுவரில் இருந்த தாளைத் தமிழில் வாசித்தாள். ஜூபா குரைக்க மாட்டான், பயப்பட வேண்டாம். கோழி எலும்பு கொடுக்கக் கூடாது. மழைச்சட்டையும் கம்பளிச்சட்டையும் அறைப் பீரோவில் கீழ்த்தட்டில் இருக்கின்றன. காலுறை திருடுவான். வேலியில் ஏறுவான். வெயில் அடித்தால் பாடுவான்.

அம்மாக்கண்ணு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஒம்பது நாளா இங்கதானேப்பா ஒட்டி இருக்கு" என்றாள் வினோதா. "ஒரு வார்த்த என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கலாம்" என்றார் முத்துலிங்கம்.

நாய்க்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் அவர் மனம் ஆறவில்லை. சாகப்போகிறது என்று தான் அழுத நேரத்தில் அது சந்தோஷத்தில் பாடியிருக்கிறது. காய்ச்சல் என்று தான் நினைத்தது வெறும் குளிர். முப்பத்தைந்து வருடமாக எத்தனை நாயைப் பார்த்து இதற்கு இது, அதற்கு அது என்று சொல்லியிருக்கிறார். அதில் எத்தனை சரி? வேலிக்கு வெளியே குரைத்த லயத்து நாய்களின் பக்கம் பார்த்தார். அவையும் அன்று அவருக்குப் புதிதாகத் தெரிந்தன.

லிந்துலை பசாரில் பைஸர் கடையில் ஒரு சின்ன மணி வாங்கி ஜூபாவின் கழுத்தில் கட்டினார். மழைச்சட்டையையும் போட்டுவிட்டார். நீலச் சட்டையும் மணியுமாக நாய் தோட்டத்துப் பாதையில் நடந்தபோது பார்க்கிறவர்கள் எல்லாரும் நின்று கேட்டார்கள். அவரும் நின்று பதில் சொன்னார். ஆபிரிக்கா நாய், குரைக்கவே குரைக்காது, ஆயிரத்தில் ஒரு ஜாதி. இரண்டு நாளில் டிவிசன் முழுக்க அந்தச் செய்தி பரவி, அவருடைய பழைய நடையும் கொஞ்சம் திரும்பி வந்தது.

துரையும் துரைசாணியும் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னால், முத்துலிங்கம் பங்களாப் பின்வாசலில் உட்கார்ந்து ரோசாக் கம்பு சீவிக்கொண்டிருந்தார். ஜூபா எதிரே படுத்திருந்தது. ஆள் இல்லை, வேறு நாய் இல்லை, காற்றுகூட இல்லை. நாய் எழுந்து நின்று, அவரை நேராகப் பார்த்து, "லொள்" என்றது.

ஒரே ஒரு தடவை. பிறகு படுத்துக்கொண்டது.

அவர் கையிலிருந்த கத்தி கீழே விழுந்தது. "என்னடா சொன்ன?" என்றார். நாய் முன்காலை நக்கிக்கொண்டிருந்தது.

ஒருவரும் நம்பவில்லை. "நீங்கதானேப்பா கொரைக்காதுன்னு ஊரெல்லாம் சொன்னீங்க" என்றாள் வினோதா. அம்மாக்கண்ணு அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

திலினி வந்து இறங்கியதும் அவர் முதல் வேலையாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அன்று அவள் சொன்னது பாதிக்கு மேல் விளங்கவில்லை என்றும், கோழி எலும்பு கொடுத்ததையும், தலவாக்கலைக்கு ஓடியதையும், கடைசியில் அந்த ஒற்றைக் குரைப்பையும் சொன்னார். அவள் கோபப்படவில்லை. குரைப்பைக் கேட்டதும் கண்ணை அகல விரித்தாள். மூன்று வருடத்தில் தன்னிடம் இரண்டே தடவைதான் குரைத்திருக்கிறான் என்றாள்.

"ஏன் நோனா கொரைக்கிறான்?" என்று சிங்களத்தில் கேட்டார் முத்துலிங்கம். இந்தத் தடவை பதில் முடியும்வரை காது கொடுக்கத் தயாராக நின்றார்.

"தன்னே நே" என்று சிரித்தாள் அவள். தெரியாது.

ஜூபா இன்னும் பங்களாவில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் காலை ஏழு மணிக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம். நீலச் சட்டை போட்ட நாய் புல்லில் ஒரு காலைத் தூக்கி நிற்கும். முத்துலிங்கம் தான் நனைந்துகொண்டு அதற்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். சரியான இடம் கிடைக்கும்வரை அது நடக்கும், அவரும் குடையோடு நடப்பார். போன வாரம் மழை விட்டு மேகம் கொஞ்சம் விலகியபோது, மலைக்கு ஏறிக்கொண்டிருந்த நாகலெட்சுமி வேலி ஓரமாக நின்று கூப்பிட்டாள்.

"அண்ணே, இன்னைக்கு பாடுமா?"

முத்துலிங்கம் குடையை மடக்கி வானத்தைப் பார்த்தார், நாயைப் பார்த்தார்.

"யாருக்குத் தெரியும் தங்கச்சி? நானும் அதுக்காகத்தான் நின்னுக்கிட்டிருக்கேன்" என்றார்.